தூர்வார ஆள் வேண்டும்

‘கொ’ என்ற எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கொம்பு, நடுவில் ககரம், வலப்பக்கம் ஒரு கால். கையால் எழுதும்போது இந்த மூன்றையும் வரிசையாக எழுதிவிடுகிறோம். கணினியின் நினைவில் இந்த எழுத்து அப்படி இருப்பதில்லை. அங்கே முதலில் ‘க’, அதன் பின்னால் ஒகரத்துக்கான ஒரே குறி, அவ்வளவுதான். அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் ககரத்துக்கு முன்னாலும் மறு பாதியைப் பின்னாலும் நிறுத்தும் வேலை எழுத்து திரைக்கு வரும் கணத்தில் நடக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும் லிப்ரே ஆஃபீஸிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற நிரலாளர் அதை வளர்த்தெடுத்தார். பெயரும் பாரசீகத்திலிருந்து வந்ததே. தமிழுக்கு மட்டுமல்லாமல் அரபிக்கும் தேவநாகரிக்கும் இன்னும் பல எழுத்துமுறைகளுக்கும் அது இதே தொண்டைச் செய்கிறது. அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொள்ளலாம். தமிழ் வாசிக்கிற நாம் யாரும் அதற்கென்று ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அது இருப்பதே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

மென்பொருள் என்பது மனிதர் எழுதும் கட்டளைகளின் தொகுப்பு. அந்த எழுத்துக்கு மூலநிரல் என்று பெயர். பல நிறுவனங்கள் மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கின்றன. 1983-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்கு மாறான ஒரு வழியை அறிவித்தார். மென்பொருளைப் பெற்றவர் அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம் என்பது அவர் வழி. இந்த உரிமைகளைச் சட்ட மொழியில் எழுதி வைத்த ஜிபிஎல் உரிமம் 1989-இல் வந்தது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டொர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகச் செய்வதாகச் சொல்லித் தன் இயங்குதளக் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதை அந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அதுதான் லினக்ஸ். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-இல் சூட்டப்பட்டது. தமிழில் திறமூலம் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் வழங்குகிறோம். இரண்டுக்கும் கொள்கை அளவில் வேறுபாடு உண்டு, ஆனாலும் இங்கே பேசப்போகும் பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியில் ஓடுவது லினக்ஸ் கரு. உலகின் அதிவேக மீக்கணினிகள் என்று பட்டியலிடப்படும் 500-ம் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் இயங்குகின்றன.

இவ்வளவு பெரிய பொதுச்சொத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அதைப் படைத்தவர்களைப் புகழ்கிறோம். இளைஞர்களிடமும் ‘நீயும் ஏதாவது புதிதாகப் படை’ என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. திறமூல உலகில் இன்று பற்றாக்குறையாக இருப்பது படைப்பு ஆர்வம் அல்ல, பராமரிக்கும் கைகள். நம் ஊர் ஏரிகளை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள், கண்மாய்கள் உண்டு. வெட்டிய மன்னன் பெயரைக் கல்வெட்டு சொல்லும். ஆனால் ஏரியில் தண்ணீர் நின்றது கல்வெட்டால் அல்ல. கோடையில் வண்டலை வாரி, கரையை உயர்த்தி, மடையைச் சரிபார்த்து, வரத்துக்காலில் மண்டிய செடியை வெட்டிய ஆட்களால். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அந்த வழக்கம் நலிந்தபோது எந்த ஏரியும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு மேடு தட்டிக்கொண்டே வந்து, ஒரு பெருமழையில் உடைந்தது, அல்லது ஒரு கோடையில் வெறும் பொட்டலாகத் தெரிந்தது.

மென்பொருளுக்கு எங்கிருந்து வண்டல் வரும் என்று கேட்கலாம். ஏரித் தண்ணீர் இறைக்க இறைக்கக் குறையும். மென்பொருளைக் கோடிப் பேர் படியெடுத்தாலும் ஓர் எழுத்துகூடத் தேயாது. இந்த வேறுபாடுதான் நம்மை ஏமாற்றுகிறது. நிரல் அப்படியே இருந்தாலும் அதைச் சுற்றியுள்ளவை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. புதிய கைபேசிகள் வருகின்றன, இயங்குதளம் மாறுகிறது, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரம் புதிய எழுத்துகளைச் சேர்க்கிறது, அந்த நிரல் சார்ந்து நிற்கும் வேறு பத்து மென்பொருள்கள் தங்கள் போக்கை மாற்றிக்கொள்கின்றன. இதற்கிடையில் திருடர்களும் புதிய வழிகளைக் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் எவரும் தொடாமல் விட்ட நிரல் பெரும்பாலும் நிறுவவே முடியாமல் நிற்கும். நிறுவ முடிந்தால் இன்னும் ஆபத்து, ஓட்டைகளோடு ஓடிக்கொண்டிருக்கும்.

2014 ஏப்ரலில் உலகம் இதை ஒரு முறை பார்த்தது. நாம் ஓர் இணையதளத்தில் கொடுக்கும் கடவுச்சொல்லை வழியில் எவரும் படிக்காதபடி மறைத்து அனுப்பும் வேலையை, மிகப் பல சேவையகங்களில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருள் செய்துவந்தது. இரண்டு கணினிகள் தொடர்பில் இருக்கின்றனவா என்று பார்க்க, ஒன்று மற்றதற்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, ‘இது இத்தனை எழுத்து, அப்படியே திருப்பி அனுப்பு’ என்று கேட்கும். நான்கு எழுத்தை அனுப்பிவிட்டு 60,000 எழுத்து என்று பொய் சொன்னால் என்ன ஆகும்? சேவையகம் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த நான்கு எழுத்தோடு தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அதில் அடுத்தவர் கடவுச்சொல்லும் இருக்கலாம், சேவையகத்தின் இரகசியத் திறவுகோலும் இருக்கலாம். நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்ததே காரணம். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்த அந்தப் பிழை இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர் பெற்ற அந்த ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. உலகத்தின் பணப் பரிமாற்றமே நம்பியிருந்த அந்தத் திட்டத்தில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்.

பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது இதைவிட மோசம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். அதை ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றி, கிட்டத்தட்டத் தனி ஆளாகப் பராமரித்துவந்தார். 2022-இல் அவரைச் சிலர் நெருக்கத் தொடங்கினார்கள். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஒருவரிடம் பொறுப்பைக் கொடு என்றார்கள். தன் மனநலம் சரியில்லை என்றும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அந்த நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவிக்கொண்டிருந்தார். திருத்தங்கள் அனுப்பினார், பதில் எழுதினார், நம்பிக்கையைச் சம்பாதித்தார், கடைசியில் இணைப் பராமரிப்பாளராகவும் ஆனார். 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில், சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து, ஒரு கள்ளக் கதவை வைத்தார். தொலைவிலிருந்து சேவையகங்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியை அது குறிவைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர். மைக்ரோசாஃப்டில் வேலை செய்பவர், போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளத்தை வளர்ப்பவர்களில் ஒருவர். தன் கணினியில் எஸ்எஸ்எச் வழி நுழைவு சுமார் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். வேறு எவராக இருந்தாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் அந்த அரை வினாடியின் பின்னாலேயே போய், 2024 மார்ச் 29 அன்று கள்ளக் கதவை உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான கணினிகளில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குள் அது நுழைவதற்கு முன்பே பிடிபட்டது. இந்தக் கதையில் தாக்கியவர் உடைத்தது எந்தப் பூட்டையும் அல்ல. ஒரு மனிதரின் களைப்பைக் கண்டுகொண்டு, அதன் வழியாக உள்ளே வந்தார். அந்த மனிதருக்குப் பக்கத்தில் உண்மையான உதவியாளர்கள் இரண்டு பேர் இருந்திருந்தால், பொய்யான உதவியாளருக்கு இடமே கிடைத்திருக்காது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். எவரும் பார்க்கலாம், எவரும் மாற்றலாம் என்பதுதானே இந்த ஆபத்துக்கே காரணம், பூட்டிய மென்பொருளே மேல் அல்லவா? முதலில் ஒரு தெளிவு: எவரும் மாற்றத்தைப் பரிந்துரைக்கலாம், ஆனால் மூலக் களஞ்சியத்தில் அதைச் சேர்க்கும் உரிமை பராமரிப்பாளர்களுக்கு மட்டுமே. ஃப்ராய்ண்ட் அந்த அரை வினாடியின் காரணத்தை வேர்வரை தேடிப் போக முடிந்ததும் நிரல் திறந்திருந்ததால்தான். ஆனாலும் திறமூல ஆர்வலர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். பல கண்கள் பார்ப்பதால் பிழை தானாகத் தப்பாது என்பார்கள். பார்க்க முடியும் என்பது வேறு, பார்க்கிறார்கள் என்பது வேறு. ஹார்ட்பிளீட் பிழை இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண் முன்னாலும்தான் இருந்தது. திறப்பு தருவது வாய்ப்பை மட்டுமே. ஆள் வந்து பார்த்தால்தான் அது பாதுகாப்பாகும்.

ஆள் வந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. கரையில் வந்து நிற்கும் எல்லோர் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்து வெட்டச் சொன்னால் கரை மிஞ்சாது. ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு இதற்குச் சான்று. நான்கு திருத்தங்களை அனுப்புகிறவருக்கு ஒரு டீ-ஷர்ட் பரிசு என்று இருந்தது. 2020-இல் டீ-ஷர்ட்டுக்காகவே ஆயிரக்கணக்கானோர், ஒரு பாராட்டுச் சொல்லைச் சேர்த்தோ ஒரு காற்புள்ளியை மாற்றியோ திருத்தம் என்ற பெயரில் அனுப்பிக் குவித்தார்கள். ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, மறுக்கும் வேலை பராமரிப்பாளர்கள் தலையில் விழுந்தது. சம்மதிக்கும் திட்டங்கள் மட்டுமே பங்கேற்கும்படி சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அண்மைக் காலத்தில் கர்ல் என்ற திறமூலக் கருவியின் பராமரிப்பாளரான ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பொய்யான பாதுகாப்பு அறிக்கைகளைப் படித்துப் படித்தே நேரம் போவதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். நாம் கொடுக்கும் பங்களிப்பைப் பெற்றுக்கொள்வதற்கும் ஒருவர் தன் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் செய்யும் தொண்டு சுமையாகிவிடும். வேலை தேடும் மாணவர்களை ‘கிட்ஹப் தளத்தில் திறமூலத் திட்டங்களுக்குப் பங்களித்ததாகக் காட்டு’ என்று அனுப்பிவைக்கும் கல்லூரிகளும் பயிற்சியாளர்களும் இதை முதலில் சொல்லித்தர வேண்டும்.

அப்படியானால் சுமையைக் குறைக்கும் தொண்டு எப்படி இருக்கும்? அதில் பெரும்பகுதிக்கு நிரல் எழுதத் தெரியவே வேண்டியதில்லை. ஒரு பிழையை ஒழுங்காகத் தெரிவிப்பதை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று எழுதினால் அதை வைத்து எவராலும் எதுவும் செய்ய முடியாது. ‘இந்த இயங்குதளம், மென்பொருளின் இந்தப் பதிப்பு. இந்த எழுத்துருவில் கொடி என்று தட்டி, ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து அந்தச் சொல்லைப் படியெடுத்து ஒட்டினேன். கொடி என்று வர வேண்டும்; கொம்பு தனியாக முன்னால் பிரிந்து நிற்கிறது. படம் இணைத்துள்ளேன்’ என்று எழுதினால், தமிழே தெரியாத ஒரு நிரலாளர் பெர்லினில் உட்கார்ந்து அதைத் திரும்ப நிகழ்த்திப் பார்த்துச் சரிசெய்ய முடியும். எழுதுவதற்கு முன் அதே பிழையை வேறு யாராவது தெரிவித்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தால் இன்னும் நல்லது. பழைய புகார்களைத் திறந்து, புதிய பதிப்பில் அந்தப் பிழை இன்னும் இருக்கிறதா என்று சோதித்து ஒரு வரி எழுதுவது இதைவிடவும் பெரிய உதவி. பெயர் வராது, கைதட்டல் இருக்காது. தூர்வாருவது என்றால் இதுதான்.

மொழிபெயர்ப்பு இன்னொரு மராமத்து. லினக்ஸ் மேசைத்தளங்களைத் தமிழாக்கும் வேலையைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தமிழகத்திலும் வெளிநாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் தொடங்கிவிட்டார்கள். ஒரு முறை மொழிபெயர்த்தால் முடிந்தது என்று இதை நினைக்கக் கூடாது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய சொற்றொடர்கள் வரும், பழையவை மாறும். இப்போது இயந்திரமே மொழிபெயர்த்துவிடுமே, மனிதர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘இன்ன ஊரில்’ என்று சொல்ல, ஊர்ப் பெயருக்கு முன்னால் மாறாத ஒரு சொல்லை வைத்தால் போதும். ஊர்ப் பெயர் வரும் இடத்தை வெற்றிடமாக விட்டுவிடலாம். தமிழில் மதுரை, மதுரையில் ஆகிறது. திருச்சூர், திருச்சூரில் ஆகிறது. சேலமோ சேலத்தில் ஆகிவிடுகிறது. வெற்றிடத்தின் பின்னால் ‘இல்’ என்று ஒட்டினால் ‘சேலம்இல்’ என்று திரையில் நிற்கும். இயந்திரம் வெற்றிடத்தைத்தான் பார்க்கும். அதில் பின்னால் வரப்போகும் ஊரைப் பார்க்காது. ‘ஊர்: சேலம்’ என்று வாக்கியத்தையே மாற்றிப் போடலாம் என்று தோன்றுவதும், இந்தச் சிக்கலை நிரலாளருக்கு விளக்கி எழுதுவதும் அந்த மென்பொருளைத் தமிழில் நாள்தோறும் புழங்குகிறவரால்தான் முடியும்.

ஒரு மொழிக்காக ஒருவர் செய்தது வேறு மொழிகளுக்கும் பாயும் என்பதற்கு ஹன்ஸ்பெல் சாட்சி. ஹங்கேரிய மொழியில், தமிழைப் போலவே, ஒரு சொல்லின் பின்னால் ஒட்டுகள் அடுக்கடுக்காகச் சேரும். ஆங்கிலத்துக்கென்று செய்த எழுத்துப்பிழைத் திருத்திகள் அதற்கு உதவவில்லை. லாஸ்லோ நேமெத் என்பவர் தன் மொழிக்காக உருவாக்கிய ஹன்ஸ்பெல் இன்று லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்பாக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் இருக்கிறது. தமிழ்ச் சொல்திருத்திகளைச் செய்ய முனைந்தவர்களுக்கும் அது அடித்தளமாயிற்று.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கோடிகோடியாக லாபம் பார்க்கும் பெருநிறுவனங்கள் இந்த மென்பொருளை இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. அவர்களுக்காகச் சாதாரண மனிதர் ஏன் கூலியில்லாமல் உழைக்க வேண்டும்? இதில் உண்மை இருக்கிறது, மழுப்பக் கூடாது. குடிமராமத்தை நினைத்து உருகுகிறவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. ஊருக்குள் யார் மண் சுமந்தார்கள், யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்பதில் சமத்துவம் இருந்ததில்லை. 1858-இல் ஆங்கிலேய அரசு அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. அதே சமயம் பழைய ஏற்பாட்டில் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் உண்டு. மடையைத் திறந்து மூடுவது, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது, கரையைக் காவல் காப்பது அவர் வேலை. ஏரியால் விளைந்த வயல்காரர்கள் அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். ஊரார் சேர்ந்து செய்யும் மராமத்து, கூலி பெறும் நீர்க்கட்டி, திறமூலத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும் என்பேன். நாள் முழுவதும் கரையில் நிற்க வேண்டிய பராமரிப்பாளருக்கு, அதிகம் விளைச்சல் எடுக்கும் நிறுவனங்களும் அரசுகளும் அளக்க வேண்டும். இது நடக்காத காரியமில்லை. லினக்ஸ் கருவில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இன்று நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஹார்ட்பிளீடுக்குப் பிறகு பெருநிறுவனங்கள் சேர்ந்து நிதி திரட்டின. ஜெர்மனி அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு நிதியைத் தொடங்கியது. அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் திறமூல மென்பொருளைப் பயன்படுத்தும் நம் அரசுகளும் அப்படி ஒன்றைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும்.

ஆனால் காசு பார்க்காத மூலைகள் எப்போதும் இருக்கும். ‘சேலம்இல்’ என்பதைச் சரிசெய்ய எந்தப் பெருநிறுவனமும் ஆள் வைக்கப்போவதில்லை. பார்வையற்றவர் கேட்டுப் பழகும் திரைவாசிப்பானில் தமிழ் உச்சரிப்பு தவறாக வருவதைக் கவனிக்கவும் ஆள் வைக்கப்போவதில்லை. தன்னார்வலரின் உழைப்பு இங்கே செலவாகட்டும். அதுவும் தன்னால் முடிந்த அளவுக்கு மட்டும். உடம்பையும் வீட்டையும் மறந்து உழைக்கும் ஒற்றை ஆள் எத்தனை பெரிய ஆபத்தில் நிற்கிறார் என்பதைத்தான் எக்ஸ்இசட் காட்டியது. வாரம் ஒரு மணி நேரம் தரும் நூறு பேர் போதும். நேரம் இல்லை, வேலைக்கும் குடும்பத்துக்குமே போதவில்லை என்பவர்களிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமுமில்லை.

தனியாகத் தொடங்கத் தயங்குகிறவர்களுக்குச் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. 2012 முதல் இந்தப் பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இருக்கிறது. நிரலும் வேண்டாம், மொழிபெயர்ப்பும் வேண்டாம் என்பவர்கள் மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் பிறர் வாசித்த தமிழ் வாக்கியங்களைக் கேட்டு, சரியா தவறா என்று குறித்துக் கொடுக்கலாம்; தமிழ் கேட்கத் தெரிந்த காது போதும். மற்றவர்கள் ஒன்று செய்யுங்கள். ஃபயர்பாக்ஸையோ லிப்ரே ஆஃபீஸையோ தமிழ் இடைமுகத்துக்கு மாற்றி, ஒரு வாரம் அப்படியே பயன்படுத்துங்கள். உறுத்தும் முதல் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபயர்பாக்ஸின் மொழிபெயர்ப்பு பொன்டூன் என்ற தளத்திலும், லிப்ரே ஆஃபீஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்திலும் நடக்கிறது. கணக்கு தொடங்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஒரு சொல்லுக்கு உங்கள் பரிந்துரையை அங்கே எழுதிவையுங்கள்.